மூன்று நாள் கணக்கு

கேரளத்து மலையூரான காந்தலூரில் நிறுக்காமல் எதுவும் கைமாறாது. பூண்டு தராசேறித்தான் மூட்டையாகும். ஓணத்துக்கு இறங்கும் காரட்டும் பீன்ஸும் கோஸும் கிலோ கணக்கில் சீட்டெழுதிய பிறகே லாரியேறும். கீழே மறையூரில் வெல்ல உருண்டைக்கும் எடைதான் விலை. மூணாறு சாலையில் ஏறினால் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்தை ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை நிறுப்பார்கள். இத்தனை தராசுகளுக்கு நடுவே வேலை பார்க்கிற பெண்களின் மாதவிலக்கு வலி மட்டும் "கொஞ்சம் முடியல" என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது.

"கொஞ்சம் முடியல" என்றால் சூப்பர்வைசர் வேலையை மாற்றித் தரமாட்டார். டாக்டர் ஸ்கேன் எழுதமாட்டார். வீட்டிலும் உலை வைக்க யாரும் எழுந்து வரமாட்டார்கள். "மூன்று மாதமாக, ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நாள் என் வேலையில் பாதி நின்றுபோகிறது, இதோ தேதி" என்று ஒரு தாளை நீட்டிப் பாருங்கள். பேச்சு வேறு மாதிரிப் போகும். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது, தயாரித்த பின் யாரிடம் காட்டுவது, யாரிடம் காட்டக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. பூண்டுக் காட்டில் நிற்பவருக்கும், கொழுந்தெடுப்பவருக்கும், ஹோம்ஸ்டேயில் அறை சுத்தம் செய்பவருக்கும், பள்ளியில் பாடம் நடத்துபவருக்கும் முறை ஒன்றுதான்.

முதலில் ஒரு தவறான கணக்கை ஒதுக்கிவிடுவோம். மாதவிலக்கால் வேலை எவ்வளவு கெடுகிறது என்று கேட்டால் எல்லாரும் லீவைத்தான் எண்ணுவார்கள். நெதர்லாந்தில் 15 முதல் 45 வயது வரையுள்ள 32,748 பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. இதற்காக வேலைக்கோ வகுப்புக்கோ போகாமல் இருந்ததுண்டு என்றவர்கள் 13.8 சதவீதம். போயும் ஒழுங்காக வேலை ஓடவில்லை என்றவர்கள் 80.7 சதவீதம். ஆண்டுக்குச் சராசரியாக லீவில் போனது 1.3 நாள், வேலை இடத்தில் இருந்தபடியே வீணானது 8.9 நாள். அதாவது வருகைப் பதிவேடு காட்டுவதைப்போல ஏழு மடங்கு நஷ்டம், பதிவேட்டில் "வந்தார்" என்று எழுதியிருக்கும் நாட்களில் நடக்கிறது. லீவு சொன்னவர்களிலும் உண்மைக் காரணத்தை முதலாளியிடம் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்தான். சம்பளத்தோடு லீவு கிடைக்கிற நாட்டிலேயே இந்த நிலை. போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்கிற ஊரில், லீவை எண்ணி வலியை அளப்பது ஓட்டைப் படியில் அளப்பது மாதிரி.

ஆகவே நீங்கள் எண்ண வேண்டியது வராத நாளை அல்ல. வந்த நாளில் நின்றுபோன வேலையை.

பத்துக்கு எத்தனை?

வலியை அளக்க மருத்துவர்கள் கையாளும் எளிய கேள்வி இது: 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்குமேல் தாங்கவே முடியாது, இப்போது எத்தனை? கேள்வி நல்லதுதான். நம் பெண்களிடம் கேட்டால் வரும் பதிலில்தான் சிக்கல். பிரசவ வலி பார்த்தவர் மற்ற எதையும் நாலுக்குமேல் சொல்லமாட்டார். "பொம்பளைனா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று கேட்டு வளர்ந்தவர் மூன்று என்பார். சொல்லும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இந்தச் சிக்கல் சுவீடனிலும் தெரிந்திருந்தது. அங்கே கோத்தன்பர்க் நகரில் 19 வயதுப் பெண்களை ஆராய்ந்த ஆண்டர்ஷ், மில்சோம் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் வேறொரு படிக்கட்டு போட்டார்கள். வலி எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், அன்றைய வேலை என்ன ஆனது, மாத்திரை கேட்டதா, உடம்பு வேறென்ன செய்தது என்றும் சேர்த்துக் கேட்டார்கள். வலியே இல்லை என்றால் 0. வலிக்கிறது, ஆனால் வேலை பெரும்பாலும் நடக்கிறது, மாத்திரை அபூர்வமாகத்தான் வேண்டியிருக்கிறது என்றால் 1. வேலை தடுமாறுகிறது, மாத்திரை போட்டால் சமாளிக்கலாம் என்றால் 2. வேலை ஓடவே இல்லை, மாத்திரைக்கும் சரியாக அடங்கவில்லை, கூடவே தலைவலி, களைப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் 3.

இன்றும் பல ஆய்வுகளில் இந்தப் படிதான் ஓடுகிறது. நமக்கு ஒரு திருத்தம் வேண்டும். மூன்றாம் படியில் இருக்கும் ஆள் படுத்துவிடுவாள் என்பது சுவீடன் கணக்கு. இங்கே மூன்றாம் படியில் இருப்பவளும் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறிவிடுவாள். எனவே "வேலைக்குப் போனேனா" என்பதை வைத்து உங்கள் படியை முடிவு செய்யாதீர்கள். போன இடத்தில் எத்தனை தடவை உட்கார்ந்தீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நான்கு கேள்வி, 12 மதிப்பெண்

இன்னும் நேராக வேலையைத் தொடும் அளவுகோல் ஒன்று கொலம்பியாவிலிருந்து வந்தது. அங்கே பல்கலைக்கழக மாணவிகளை வைத்துச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள், பெயர் வாலிட். யாருக்கு மருத்துவ லீவு தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் அதன் நோக்கமே. நான்கே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கெங்கே வலிக்கிறது? அடிவயிறு, இடுப்பு, தொடையிடுக்கு, கால் என்று நான்கு இடம். எங்கும் இல்லை என்றால் 0, ஓரிடம் 1, இரண்டு மூன்று இடம் 2, நான்கும் என்றால் 3. அடுத்தது வலியின் கடுமை: இல்லை 0, லேசு 1, நடுத்தரம் 2, கடுமை 3. மூன்றாவது, எத்தனை நாள்? ஒன்றிரண்டு நாள் 1, மூன்று நான்கு நாள் 2, ஐந்தும் அதற்கு மேலும் 3. கடைசிக் கேள்விதான் நமக்கு முக்கியம்: வலியால் வேலை செய்ய முடியாமல் போவது எத்தனை தடவைக்கு ஒரு தடவை? ஒருபோதும் இல்லை 0, எப்போதாவது 1, அநேகமாக எப்போதும் 2, எப்போதும் 3.

கூட்டுங்கள். 1 முதல் 4 வரை லேசு. 5 முதல் 7 வரை நடுத்தரம். 8உம் அதற்கு மேலும் கடுமை. நாட்டு மருந்தையும் பக்கத்து வீட்டு மாத்திரையையும் விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

ஒரு மாதத்து மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். காய்ச்சல், தூக்கமின்மை, வீட்டில் சண்டை, எல்லாம் ஒரு மாதத்தைக் கெடுத்துவிடும். மூன்று மாதம் எழுதுங்கள்.

எதில் எழுதுவது?

செல்போனில் செயலிகள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. பாதி ஆங்கிலம், மீதி விளம்பரம், உங்கள் தேதியெல்லாம் எங்கே போகிறது என்றும் தெரியாது. இந்த மலையில் சிக்னலும் மேகம் மாதிரிதான். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கட்டம் போட்ட தாளில் நம் கணக்குக்கு இடம் இல்லாமல் போகாது. கிழித்த தாளைக் குப்பையில் போடாமல் அதன் முதுகில் எழுதி, ஒரு கிளிப்பில் மாட்டிவிடுங்கள். வீட்டில் எல்லார் கண்ணிலும் படக்கூடாது என்றால் பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்.

ஒரு நாளைக்கு ஆறு விஷயம் எழுதினால் போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது: தேதி, பத்துக்கு எத்தனை வலி, வலித்த இடம், போட்ட மாத்திரையும் நேரமும், மாற்றிய துணி அல்லது நாப்கின் எத்தனை, நின்ற வேலை எவ்வளவு. ஆறாவதுதான் இந்த நோட்டின் உயிர். இராத்திரி படுக்கப்போகும்போது எழுதிவிடுங்கள். வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் ஒன்று வலி பெருத்திருக்கும், அல்லது மறந்தே போயிருக்கும்.

வெறும் அடிவயிற்று வலி என்று எண்ணி மற்றதை விட்டுவிடாதீர்கள். கருப்பையின் உள்தோல் உரியும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் கருப்பைத் தசையை முறுக்குகிறது. அதே பொருள் குடலையும் கிளறிவிடும். முதல் நாள் காலையில் வயிறு இளகுவதும் குமட்டுவதும் அதனால்தான். நேற்றுச் சாப்பிட்ட கருவாட்டின் மேல் பழி போட வேண்டாம்.

கிலோவில் பாருங்கள்

நின்ற வேலையை எப்படி எழுதுவது? உங்கள் வேலையை ஏற்கெனவே எதில் அளக்கிறார்களோ அதிலேயே எழுதுங்கள். இந்த விஷயத்தில் அலுவலகத்துப் பெண்களைவிடத் தோட்டத்துப் பெண்களுக்கு வசதி அதிகம். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் தன் நஷ்டத்தை ஊகிக்கத்தான் வேண்டும். கொழுந்தெடுப்பவரின் நஷ்டம் ஒவ்வொரு நாளும் நிறுவைச் சீட்டில் அச்சாகக் கிடக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். மற்ற நாட்களில் சராசரியாக 30 கிலோ எடுக்கும் ஒரு பெண், விலக்கான முதல் மூன்று நாளில் 24, 18, 27 எடுக்கிறாள் என்று வையுங்கள். குறைந்தது 6, 12, 3. கூட்டினால் 21 கிலோ. 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டத்துப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தார்களே, அந்த வேலைநிறுத்தத்துக்கு முன்பு ஒரு முழு நாளுக்கு வைத்திருந்த குறைந்தபட்ச அளவு அதே 21 கிலோதான். ஒரு நாள்கூட லீவு போடாமல் அந்தப் பெண் மாதம் ஒரு நாள் வேலையை இழந்திருக்கிறாள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கூடவே குறைந்தபட்ச அளவும் 25 கிலோவுக்கு ஏறியது. அளவு ஏற ஏற, வலிக்கிற நாளின் நெருக்கடியும் ஏறும். அளவைத் தாண்டி எடுக்கும் கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் காசு அந்த மூன்று நாளில் முதலில் போகும்.

கிலோவை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. பக்கத்து வரிசைப் பெண்ணின் எடையோடு ஒப்பிடாதீர்கள். கை ஆளுக்கு ஆள் மாறும். போன மாதத்தோடும் ஒப்பிடாதீர்கள்; மழைக்குப் பின் துளிர் தள்ளும் வாரமும் பனியில் கருகிய வாரமும் ஒன்றல்ல. அதே வாரம், அதே காடு, உங்கள் கை. இந்த மூன்றும் ஒத்தால்தான் குறைவது வலியின் கணக்கு என்று யாரும் மறுக்க முடியாமல் இருக்கும்.

தராசு இல்லாத வேலைக்கு எண்ணிக்கை உண்டு. பூண்டுக் காட்டில் எத்தனை பாத்தி களை எடுத்தீர்கள், வழக்கமாக எத்தனை? ஹோம்ஸ்டேயில் எத்தனை அறை முடித்தீர்கள், எந்த அறையில் மெத்தை விரிப்பு மாற்றக் குனிய முடியாமல் இன்னொருவரைக் கூப்பிட்டீர்கள்? டீச்சர் என்றால் எத்தனை பீரியட் நாற்காலியில் உட்கார்ந்தே நடத்தினீர்கள், எந்த நோட்டுக் கட்டு திருத்தாமல் வீட்டுக்கு வந்தது?

எண்ணவும் முடியாத வேலை என்றால் மணி நேரம். இதற்கு 1993 முதல் உலகமெங்கும் புழங்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது; அதன் சாரத்தை நம் மூன்று நாளுக்குப் பொருத்திக்கொள்ளலாம். வராமல் போன மணி எத்தனை, வந்திருந்த மணி எத்தனை, வந்திருந்தபோது வேலை பத்துக்கு எவ்வளவு கெட்டது, இவ்வளவுதான். மூன்று நாளில் 24 மணி நேர வேலை. 4 மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். மீதி 20 மணியில் வேலை பத்துக்கு 5 கெட்டது, அதாவது 10 மணி. மொத்தம் 14 மணி நேரம். ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை என்றால் 168 மணி, எட்டு மணி நாளாகப் பிரித்தால் 21 நாள். பதிவேட்டில் இருப்பதோ ஆண்டு முழுவதுக்கும் 48 மணி நேரம்.

வீட்டு வேலைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தண்ணீர் பிடிக்கவில்லை, துணி ஊறியபடி கிடந்தது, மகள் பள்ளிக்குப் போகாமல் சமைத்தாள் என்று. சம்பளம் இல்லாத வேலைக்கு நஷ்டக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் கடைசி வரியைக் காட்டுங்கள்.

மாத்திரைக் கட்டம்

நோட்டின் நான்காவது வரிசையில் மாத்திரைப் பெயரும் நேரமும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுக்கின்றன. வலி உச்சத்துக்குப் போனபின் போட்டால் சுரந்தது சுரந்ததுதான். ஆரம்பத்திலேயே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டால்தான் பலன். "எனக்கு மாத்திரையே கேட்கல" என்கிறவர்களின் நோட்டைப் பார்த்தால் பல சமயம் தெரிவது, காலை ஆறுக்குத் தொடங்கிய வலிக்கு மத்தியானம் போட்ட மாத்திரை. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் அமிலம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று எச்சரித்தது. மாத்திரைக்குப் பிறகு காய்ச்சலும் தடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வெந்நீர்ப் பை ஒத்தடம் பாட்டி வைத்தியம் என்று இளக்காரம் வேண்டாம். வலியைக் குறைப்பதாக ஆய்வுகளும் சொல்கின்றன.

வேலை இடத்தில் பெயர் அச்சிடாத மாத்திரையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். சின்னார் இறங்கினால் உடுமலைப்பேட்டை, அங்கிருந்து திருப்பூர். இந்த மலையிலிருந்து ஆலைவேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு அது தெரிந்த வழிதான். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்த்த சுமார் நூறு பெண்களிடம் பேசி, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்றால் சூப்பர்வைசர் கையிலிருந்து அட்டையில்லாத மாத்திரை. விழுங்கிவிட்டு மெஷினில் உட்கார வேண்டும். என்ன மருந்து, என்ன விளைவு என்று யாரும் சொல்லவில்லை. வலி அளக்கப்படவில்லை, உற்பத்தி மட்டும் அளக்கப்பட்டது.

இதைவிடக் கொடுமை மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வராவிட்டால் ஒப்பந்தக்காரர் அபராதம் போடுவார். 2019இல் அரசு அமைத்த குழு 82,309 பெண்களைக் கணக்கெடுத்ததில் 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். உங்களிடம் யாராவது "பிள்ளைதான் பெத்தாச்சே, எடுத்துப் போட்டுடலாம்" என்றால், எதற்காக, வேறு வழி என்ன என்று இன்னொரு டாக்டரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரி? வலி ஆண்டுக்கு ஆண்டு கூடினால். இருபத்தைந்து முப்பது வயதுக்குமேல் புதிதாக வந்தால். விலக்கு இல்லாத நாளிலும் அடிவயிறு வலித்தால். மலம் கழிக்கும்போதோ தாம்பத்தியத்தின்போதோ வலித்தால். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால். கட்டி கட்டியாகப் போனால். படியேறும்போது மூச்சு வாங்கினால். இவற்றுக்குப் பின்னால் நார்க்கட்டியோ, இரத்தசோகையோ, எண்டோமெட்ரியோசிஸோ இருக்கலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ். அது கண்டுபிடிக்கப்படப் பல இடங்களில் 4 முதல் 12 ஆண்டு ஆகிறது. ஆண்டுகள் கழிவதற்கு ஒரு காரணம், டாக்டர் அறையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் "வயித்துவலி" என்பதற்குமேல் சொல்ல நமக்கு எதுவும் இல்லாமல் போவது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடிமாலிக்கோ உடுமலைக்கோ போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பஸ் செலவுக்கு வழியில்லை என்றால் அரசின் இ-சஞ்சீவனி சேவையில் போனிலேயே டாக்டரிடம் பேசலாம். வழி தெரியாவிட்டால் ஊரின் ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்.

யாரிடம், எப்படி

வேலை இடத்தில் பேசும்போது நோட்டை நீட்ட வேண்டாம். அது உங்களுடையது. துணி எத்தனை மாற்றினீர்கள் என்பது சூப்பர்வைசருக்குத் தேவையில்லாத விவரம். அவரிடம் போக வேண்டியது இரண்டு வரி: எத்தனை நாள், என்ன மாற்றம் வேண்டும். வலிக்கிற அன்று காலையில் போய் நிற்காமல், நல்ல நாளாகப் பார்த்துப் பேசுங்கள். கேட்பதும் திட்டமாக இருக்கட்டும்.

"சார், மாசத்துல ரெண்டு நாள் எனக்கு மேட்டுக்காட்டுல ஏறி எடுக்க முடியல. மூணு மாசமாப் பாத்துட்டேன், அந்த ரெண்டு நாளும் பாதி எடைதான் வருது. அந்த ரெண்டு நாள் மட்டும் கீழ்க்காட்டுல போடுங்க. தேதி முன்னாடியே சொல்லிடுறேன்." ஹோம்ஸ்டே என்றால், "சேச்சி, முதல் நாள் மட்டும் நான் துணி மடிக்கிறேன், காய் நறுக்கறேன். மாடி ரூம் அவ பாக்கட்டும். அவளுக்கு வரும்போது நான் பாத்துக்கறேன்." இரண்டாவது வகைப் பேச்சில் முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை. கூட வேலை செய்பவரிடம் முதலில் பேசி முடித்துவிட்டுப் போனால் இன்னும் சுலபம். சூப்பர்வைசர் ஆண், பேசக் கூச்சம் என்றால், விலக்கு என்ற சொல்லே இல்லாமல் "மாசம் ரெண்டு நாள்" என்றாலே புரியும். புரியாதவர் போல நடிப்பவரிடம் சொல்லை நேராகச் சொல்லிவிடுவதே மேல்.

காந்தலூர்ப் பக்கத்து ஹோம்ஸ்டே, பண்ணை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் இந்த ஊர் மத்திய சுற்றுலாத் துறையின் சிறந்த சுற்றுலாக் கிராமம் தங்க விருது வாங்கியது. வந்துபோகும் விருந்தாளிக்கு வெந்நீர் இருக்கிறது. அறை துடைப்பவளுக்கு உட்கார ஒரு ஸ்டூலும், கதவு தாழிடும் கழிவறையும், அதே வெந்நீரில் ஒரு பாட்டிலும் வையுங்கள். யாருக்கு எப்போது என்று பட்டியல் எழுதி ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். தேதியை முதலாளி வைத்திருப்பது கணக்கல்ல, காவல்.

காவல் என்றதும் மலைக்குடிகள் நினைவுக்கு வருகின்றன. முதுவான் குடிகளில் விலக்கான பெண்கள் வாலாப்புரை என்ற தனிக் குடிசையில் தங்குவது வழக்கம். மூணாறுக்கு அப்பால் இடமலக்குடியில் அந்தத் தனிமையைத் தவிர்க்க, விலக்கையே தள்ளிப்போடும் கருத்தடை மாத்திரைகளைப் பெண்கள் தொடர்ந்து விழுங்குவதாகப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. வாலாப்புரையைக் காட்டுமிராண்டித்தனம் என்று சமவெளியிலிருந்து திட்டுவது எளிது. ஆலையில் மெஷினை விட்டு எழக்கூடாது என்று மாத்திரை தருகிற இடத்துக்கு என்ன பெயர் வைப்போம்?

லீவு எங்கே நிற்கிறது

கேரளத்தில் இந்தப் பேச்சு புதிதல்ல. 1912இலேயே திருப்பூணித்துறை அரசுப் பெண்கள் பள்ளியில் விலக்கான மாணவிகள் தேர்வைப் பிறகு எழுத அனுமதி கிடைத்தது. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகைப் பதிவில் 2 சதவீதம் சலுகை தர, அதே மாதம் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அது விரிந்தது. 75க்குப் பதில் 73 சதவீதம் இருந்தால் தேர்வெழுதலாம். 2024 நவம்பரில் ஐ.டி.ஐ. மாணவிகளுக்கு மாதம் 2 நாள் லீவு அறிவித்தார்கள். பிள்ளை ஐ.டி.ஐ.யிலோ கல்லூரியிலோ படித்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு? பீகாரில் அரசுப் பணியிலிருக்கும் பெண்களுக்கு 1992 முதல் மாதம் 2 நாள் உண்டு. கர்நாடகம் 2025 அக்டோபரில் மாதம் 1 நாள், ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு என்று முடிவெடுத்தது. அதற்கான ஆணையில் ஆலை, கடை, பீடித் தொழிலோடு தோட்டத் தொழிலும் சேர்ந்திருக்கிறது. குடகுக் காப்பித் தோட்டத்துப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்று மூணாறுப் பெண்கள் கவனித்து வைப்பது நல்லது. உச்ச நீதிமன்றமோ 2024 ஜூலையில், லீவைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்று கவலை தெரிவித்து, இது அரசு வகுக்க வேண்டிய கொள்கை என்று சொல்லிவிட்டது.

அந்தக் கவலையை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். கிலோவுக்குக் கூலி தரும் இடத்தில் மேஸ்திரி அப்படித்தான் யோசிப்பார். ஆனால் நாள் லீவு ஒன்றே வழி என்று நினைப்பதால்தான் அந்தக் கவலை. மூன்று மாத நோட்டு வைத்திருக்கும் பெண்களில் பலருக்குத் தேவைப்படுவது நேரத்தில் போட்ட மாத்திரையும், இரண்டு நாள் கீழ்க்காடும்தான். எட்டு மதிப்பெண்ணைத் தொட்டவருக்கு லீவும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு முன் பத்துப் பெண்களாவது அவரவர் நோட்டிலிருந்து பெயரில்லாமல் ஒரே ஒரு எண்ணை, மாதம் எத்தனை கிலோ குறைகிறது என்பதை, எழுதிச் சேர்த்துப் பாருங்கள். குறைந்தபட்ச அளவைப் பற்றிப் பேசும் மேசைக்கு அந்த எண்ணும் வரட்டும்.

போன தடவை எந்தத் தேதியில் வந்தது? ஞாபகம் இருக்கும்போதே காலண்டரில் வட்டம் போடுங்கள். அப்படியே பேனாவை ஒரு நூலில் கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள்.